காலி ஃப்ளாட் கணக்கு: ஓஎம்ஆர் பக்கம் வாடகைக்கு விட வீடு வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையின் ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூரைத் தாண்டி நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம், தையூர் என்று தெற்கே போகப் போக டூலெட் பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். படூரில் எனக்கும் ஒரு இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் உண்டு. 2020-ல் அது ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள், வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் புரோக்கரும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. கையைச் சுட்டுக்கொண்டவன்.

காலி விகிதம் என்கிறார்களே, ஒரே ஒரு வீடு வைத்திருப்பவனுக்கு அதில் என்ன அர்த்தம்?

ஒரு பகுதியில் நூறு வாடகை வீடு இருந்தால் அதில் எத்தனை காலி என்பதுதான் அது. ஒரே வீட்டுக்காரருக்கு அந்த எண்ணால் நேரடிப் பயன் குறைவு. நம் வீட்டில் ஆள் இருக்கும் அல்லது இருக்காது, பத்து சதவீதம் மட்டும் காலியாக இருக்காது. அதனால் மாதத்தை எண்ணுங்கள். ஒரு மாதம் காலி என்றால் ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம் போச்சு. இரண்டு மாதம் என்றால் ஆறில் ஒரு பங்கு. ஐந்து ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும், ஏனென்றால் மூன்று வருடம் ஒரே குடும்பம் இருந்துவிட்டு, அப்புறம் ஐந்து மாதம் காலி விழும்.

சுற்றிலும் ஐடி கம்பெனிகள். அப்படியும் எப்படி வீடு காலியாகக் கிடக்கிறது?

எல்லாரும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். 2000-ல் டைடல் பார்க் வந்ததிலிருந்து ஓஎம்ஆர் என்றாலே ஐடி, ஐடி என்றாலே வாடகைக்கு ஆள் என்று ஒரு நம்பிக்கை. பாதி உண்மை. ஆள் வருவது உண்மைதான். ஆனால் அவர்களை எதிர்பார்த்து வீடு கட்டியவர்களும் வாங்கியவர்களும் அதைவிட வேகமாக வந்தார்கள்.

பெரிய கேட்டட் கம்யூனிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஃப்ளாட், ஒரே சமயத்தில் சாவி ஒப்படைப்பு. வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அங்கே குடியிருக்கும் எண்ணமே கிடையாது. ஆகவே ஒரே மாதிரி தரை, ஒரே மாதிரி சமையல் மேடை, ஒரே பால்கனி அளவு கொண்ட சில நூறு வீடுகள் ஒரே மாதத்தில் டூலெட் பலகை மாட்டுகின்றன. உங்கள் போட்டியாளர் அடையாற்றில் இல்லை, உங்கள் மாடிக்கு மேல் மாடியில் இருக்கிறார். அவர் வேறு நாட்டில் இருந்துகொண்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடும் அவசரத்திலும் இருக்கலாம்.

இதோடு அடிகளும் வரிசையாக விழுந்தன. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீரை நம்பியிருந்த அடுக்குமாடிகள் திண்டாடின. சில கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது அந்த ஜூனில்தான். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. பையன்கள் மெத்தையைக்கூட விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கும் விஜயவாடாவுக்கும் போனார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் அலுவலகம். அதற்கு ஒரு பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) படுக்கை போதும், இரண்டு பெட்ரூம் எதற்கு? போரூர், மணப்பாக்கம் பக்கம் அலுவலகங்கள் பெருகியதால் ஒரு கூட்டம் மேற்கே நகர்ந்ததும் இதில் சேரும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறந்துவிட முடியாது. பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றபோது கார் மூழ்கியவர்கள் பிறகு வீடு தேடும்போது கேட்ட முதல் கேள்வி, "மழைக்கு இங்கே தண்ணி நிக்குமா?" அந்தப் பக்கத்துத் தரைத்தளத்துக்கும் மாடிக்கும் வாடகை வித்தியாசம் வந்தது அதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு.

வாடகையே இஎம்ஐ கட்டிவிடும் என்று சொல்லித்தானே விற்றார்கள்?

சொன்னார்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 லட்சம் ரூபாய் வீடு, அதில் 45 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 39,000. அதே வீட்டுக்கு வாடகை 18,000 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிகூட இல்லை.

ஆண்டு வாடகை 2,16,000. 60 லட்சத்துக்கு அது 3.6 சதவீதம், அதுவும் பன்னிரண்டு மாதமும் ஆள் இருந்தால். இரண்டு மாதம் காலி என்றால் 36,000 போகிறது. ஆள் இருக்கும்போது அவர்கள் கட்டும் மெயின்டெனன்ஸ், மாதம் 3,500 என்று வைத்தால், அந்த இரண்டு மாதமும் நம் தலையில்: 7,000. புரோக்கருக்கு அரை மாதம் 9,000. சொத்து வரி 5,000 என்று போடுங்கள். மிச்சம் 1,59,000. அதாவது 2.65 சதவீதம். இதில் பெயின்ட் அடிப்பதும், குழாய் மாற்றுவதும் சேரவில்லை. சேமிப்புக் கணக்கு வட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாம்.

வட்டி வேறு ஒரு பக்கம் ஆடியது. 2022 மே மாதம் வரை 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. மிதக்கும் வட்டிக் கடன் வாங்கியவர்களுக்குத் தவணை ஏறியது, இல்லையென்றால் காலம் நீண்டது. 2025-ல் ரெப்போவைக் குறைக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

மூன்று மாதமாக யாரும் வரவில்லை. வாடகையைக் குறைப்பதா, காத்திருப்பதா?

குறையுங்கள்.

மேலே சொன்ன அதே வீட்டையே எடுத்துக்கொள்வோம். 18,000 கேட்கிறீர்கள். ஒருவர் 16,500 தருகிறேன் என்கிறார். மாதம் 1,500 நஷ்டம், பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு 16,500. மறுத்துவிட்டு ஒரே ஒரு மாதம் காத்திருந்தால் போவது 18,000 வாடகையும் 3,500 மெயின்டெனன்ஸும், ஆக 21,500. அடுத்த மாதமே 18,000-க்கு ஆள் வந்தாலும் நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும், "பக்கத்து வீட்டுக்கு 19 போகுதே சார், நான் எப்படி 16-க்கு விடறது" என்பார்கள். 19 போவது 2023-ல் வந்த குடும்பத்துக்கு, வருடா வருடம் ஐந்து சதவீதம் ஏறி. இன்று புதிதாக வருபவர் எவ்வளவுக்கு வருகிறார் என்பதுதான் சந்தை. அதை இணையதள விளம்பரத்தில் பார்க்காதீர்கள், அங்கே இருப்பது கேட்கும் விலை. செக்யூரிட்டியிடம் கேளுங்கள், போன மாதம் சாமான் இறக்கியவர் எவ்வளவு கொடுத்தார் என்று அவருக்குத் தெரியும்.

2020-ல் நான் செய்த முட்டாள்தனமும் இதே வகைதான். அதுவரை வந்துகொண்டிருந்த வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்ட ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினேன். பிடிவாதம்தான், வேறில்லை. ஏழாவது மாதம் அதைவிட மூவாயிரம் குறைத்து விட்டேன்.

ஒரு தடவை இறங்கிவிட்டால் மறுபடி ஏற்றவே முடியாதே?

இந்தப் பயம் இருந்தால் வாடகையைத் தொடாமல் வேறு எதையாவது விட்டுக்கொடுங்கள். முதல் பதினைந்து நாள் வாடகை வேண்டாம், மெயின்டெனன்ஸ் சேர்த்தே 18,000, இப்படி. ஒப்பந்தத்தில் எண் அப்படியே நிற்கும், அடுத்த வருட ஏற்றம் அதன்மேல்தான்.

அட்வான்ஸைக் குறைப்பதும் நல்ல வழி. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஒரு காலத்தில் எழுதாத சட்டம். எழுதிய சட்டம் வேறு சொல்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. பெங்களூரிலிருந்து மாற்றலாகி வரும் பையனிடம் 1,80,000 ரூபாய் எடுத்து வை என்றால் அவன் அடுத்த டவருக்குப் போய்விடுவான். அதே சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. அதைச் செய்யாமல் முத்திரைத் தாளில் எழுதி பீரோவில் வைப்பவர்கள்தான் அதிகம். தகராறு வந்தால் தெரியும்.

குடும்பத்துக்கு மட்டும், அதுவும் சைவம் மட்டும் என்று பலகை வைத்திருக்கிறேன். தப்பா?

தப்பா சரியா என்று என்னிடம் கேட்டால் தப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் கேட்பது காசுக் கணக்கு என்றால், ஒவ்வொரு நிபந்தனையும் வருபவர்களில் ஒரு பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. பேச்சிலர் வேண்டாம் என்றதுமே சிறுசேரி சிப்காட் ஐடி பூங்காவில் வேலைக்குச் சேரும் இளைஞர் கூட்டம் முழுக்க வெளியே. அசைவம் வேண்டாம் என்றால் மிச்சத்தில் பெரும்பகுதி வெளியே. அப்புறம் "எந்த ஊர், எந்த ஆளுங்க" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அதில் மீதியும் போய்விடும். கடைசியில் வாஸ்து பார்க்கும் ஒரு தம்பதி வருவார்கள், அவர்களுக்கு உங்கள் வீட்டு வாசல் திசை பிடிக்காது.

என் வீட்டில் இப்போது இருப்பவர்கள் மூன்று பெண்கள், மூன்று பேருமே ஐடி வேலை. மாதம் முதல் தேதி காலையில் பணம் வந்துவிடும். மீன் வறுக்கிறார்களா என்று நான் போய் மோந்து பார்த்ததில்லை.

எந்த மாதத்தில் விட்டால் சீக்கிரம் போகும்?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. பள்ளிக்கூடம் மாற்றும் குடும்பங்கள் அப்போதுதான் வீடு தேடும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். மார்கழியும் அப்படியே. ஜூன் கடைசியில் காலியாகும் வீடு ஆவணி வரை கிடக்கும் அபாயம் உண்டு. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே முடியும் மாதத்தைப் பாருங்கள். ஜூலை கடைசியில் விட்டால் பதினொரு மாதம் ஜூன் கடைசியில் முடியும். அதைவிடப் பத்து மாதமாக எழுதி மே கடைசியில் முடித்துக்கொள்வது நல்லது. வட நாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஆடி ஒரு பொருட்டில்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செலவு செய்தால் ஆள் சீக்கிரம் வரும்?

கொசு வலை. சிரிக்காதீர்கள். பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கழிவெளிக்கும் நடுவில் இருக்கிற ஊரில் எல்லா ஜன்னலுக்கும் வலை போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு துணி அலமாரிக் கதவுகள், கீசர், ஒரு அறைக்காவது ஏசி. மாடுலர் கிச்சனில் இரண்டு லட்சம் போட்டால் வாடகையில் திரும்பி வராது. வெள்ளை அடிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள், காலி செய்பவரின் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் எதற்காக வந்தது? அந்தப் பணத்தைச் சுவரில் போடுங்கள்.

காலியாக வைப்பதற்குப் பதில் லீசுக்கு விடலாமா? பிஜி நடத்துபவருக்குக் கொடுக்கலாமா?

லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவது. தென்மாவட்டத்தில் ஒத்தி என்பார்கள். எட்டு லட்சம், பத்து லட்சம் கையில் வரும், கடனில் கொஞ்சம் அடைக்கலாம். ஆபத்து திருப்பிக் கொடுக்கும்போதுதான். காலி வீடு பெருகும் காலத்தில் அடுத்த ஆள் ஏழு லட்சம்தான் தருவார், மிச்சம் மூன்றை நீங்கள் போட வேண்டும். அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கும் ஒழுக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் இது. எனக்கு இல்லை.

பிஜி விஷயத்தில், நடத்துபவர் இரண்டு பெட்ரூமில் எட்டுப் பேரைப் போடுவார், அசோசியேஷன் உங்களைக் கூப்பிட்டுச் சண்டை போடும். பெண்கள் விடுதி என்றால் அதற்கென்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உரிமம் வேண்டும். தனி வீடு வைத்திருப்பவர் யோசிக்கலாம். அடுக்குமாடியில் வேண்டாம்.

வீடு காலியாக இருந்த மாதங்களுக்கு வருமான வரி உண்டா?

ஆண்டில் சில மாதம் வாடகைக்கு விட்டு, சில மாதம் ஆள் கிடைக்காமல் காலி என்றால், வந்த வாடகைக்குத்தான் வரி. அதில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் கேள்வி இல்லாமல் கழிவு. விளம்பரம் கொடுத்ததற்கும் புரோக்கரிடம் பேசியதற்கும் ஏதாவது தடயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் காலி என்றால் விவகாரம் கொஞ்சம் சிக்கல். ஆனால் இரண்டு வீடு வரை சொந்த உபயோகம் என்று காட்டி, வருமானம் இல்லை என்று போட அனுமதி உண்டு என்பதால் குடியிருக்கும் வீடு ஒன்று, இது ஒன்று என்று இருப்பவர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

பலர் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். வட்டி வாடகையைவிட அதிகமாக இருந்தால் அந்த நஷ்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது பழைய வரி முறை. புதிய முறையில் சம்பளத்தில் கழிக்க முடியாது. 2023–24 நிதியாண்டிலிருந்து, நாமாகப் பழையதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான். "வாடகை வராவிட்டாலும் வரி மிச்சம்" என்று கணக்குப் போட்டு வாங்கியவர்களுக்கு அந்தக் கால் உடைந்துவிட்டது. ஆடிட்டரிடம் இரண்டு முறையிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். குடித்தனக்காரர் ஏதோ டிடிஎஸ் என்று சொல்லிப் பின்வாங்குகிறார்.

அவர் சொல்வது சரி. வெளிநாட்டுவாழ் இந்தியருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவாக இருந்தாலும் செஸ் (கூடுதல் வரி) சேர்த்து 31.2 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், அதுதான் டிடிஎஸ். மாதா மாதம் இந்த வேலை எதற்கு என்று பலர் ஓடிவிடுகிறார்கள். உங்கள் மொத்த வருமானத்துக்கு வரி குறைவாகத்தான் வரும் என்றால், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்றிதழ் வாங்கலாம். "காகித வேலையை என் ஆடிட்டரே செய்து தருவார், செலவும் என்னுடையது" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வந்தவர் நிற்பார்.

மெட்ரோ வந்தால் சரியாகிவிடும், அதுவரை வைத்திருக்கலாமா? இல்லை விற்றுவிடவா?

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல் போகும் தடம் ஓஎம்ஆர் வழியாகத்தான் வருகிறது. அது ஓட ஆரம்பித்தால் நல்லதுதான். ஆனால் தூண் எழும்பும் காலம் முழுவதும் சாலை குறுகி, அந்தச் சாலையில் தினம் போகும் ஆளுக்கு அதே மெட்ரோதான் தொல்லை. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கும் உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி தாழம்பூர்ப் பக்கம் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பலன் கிடைக்கப் போவதில்லை. உங்கள் வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை ஒரு நாள் வெயிலில் நடந்து பாருங்கள்.

விற்பதாக இருந்தால், குடியிருக்க வாங்குபவருக்குக் காலி வீடுதான் பிடிக்கும். அந்த வகையில் காலியாக இருக்கும் இப்போதே விற்பனைப் பலகையையும் சேர்த்து மாட்டலாம். இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்த வீடு என்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், இங்கேயே வசிப்பவர்கள் வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டின்படி ஏற்றி 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். பத்து வருடம் வைத்திருந்து விலை பெரிதாக ஏறாத ஃப்ளாட்டுக்கு இரண்டாவது கணக்கில் வரியே வராமல் போகலாம். அது சந்தோஷப்படும் விஷயமா என்று தெரியவில்லை.

இன்னும் வாங்கவில்லை. ஒரு குடியிருப்பில் எவ்வளவு காலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வார நாளில் ராத்திரி எட்டரை மணிக்குப் போய் எதிரே நின்று விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். காலையில் ஐந்தரைக்கு எத்தனை பால் பாக்கெட் வந்து இறங்குகிறது என்று பாருங்கள். மெயின்டெனன்ஸ் பாக்கிப் பட்டியல் அசோசியேஷன் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் அது பொக்கிஷம். காலி வீட்டுக்காரர்கள்தான் பெரும்பாலும் பாக்கி வைப்பார்கள், பாக்கி பெருகினால் லிஃப்ட் நிற்கும், லிஃப்ட் நின்றால் இருப்பவர்களும் கிளம்புவார்கள். கோடையில் மாதம் எத்தனை லாரித் தண்ணீர் என்று கேளுங்கள். விற்பவர் தன் மாடல் ஃப்ளாட்டைக் காட்டும்போது இதில் எதுவும் கண்ணில் படாது.

ஆள் வரும்வரை பூட்டிய வீட்டை எப்படி வைத்திருப்பது?

வாரம் ஒரு தடவை யாராவது போய் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். எல்லா வடிகாலிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் நீர் வற்றிக் கழிவறை நாற்றம் வீடெல்லாம் ஏறும், பார்க்க வருபவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்புவார். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால், போனவர் வைத்த பாக்கி தாமதமாகத்தான் தெரியும். அட்வான்ஸைத் திருப்பித் தருமுன் மீட்டரைப் படித்துவிடுங்கள். சாவி ஒன்று புரோக்கரிடம், ஒன்று செக்யூரிட்டியிடம். ஞாயிற்றுக்கிழமை வந்து நானே காட்டுகிறேன் என்று சொல்லாதீர்கள். வீடு தேடுபவர் சனிக்கிழமை சாயங்காலமே மேல் மாடிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.